ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு

குழந்தைகள் வளர்கின்றன. இந்த விஷயத்தில் அரசாங்க அலுவலகங்களுக்கு நெடுங்காலமாகவே ஒரு மனத்தாங்கல் உண்டு. வளர்வதென்றால் தாராளமாக வளரட்டும், அதற்கு ஒரு முறை வேண்டாமா? ஒன்பது வயதென்றால் ஒன்பது வயதுக்கு உண்டான அளவு வளர்ந்து நின்றுவிட்டு, பத்தாவது பிறந்தநாளன்று, அதுவும் அலுவலக நேரத்தில், மிச்சத்தை வளர்ந்துகொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? சொன்னால் குழந்தைகள் கேட்பதில்லை. சில குழந்தைகள் இரண்டு மூன்று வயதை முன்கூட்டியே வளர்ந்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் மிட்டாய் தின்றுகொண்டு நிற்கின்றன.

இந்த ஒழுங்கீனத்தைச் சரிசெய்வதற்காகவே உடுப்பு அளவு நிர்ணய அலுவலகம் என்று ஒன்று திறக்கப்பட்டது. அதன் தலைவருக்கு நிர்ணய அதிகாரி என்று பெயர். அவர் நேர்மையானவர். லஞ்சம் வாங்க மாட்டார், லீவு எடுக்க மாட்டார், யோசிக்கவும் மாட்டார். பதவியேற்ற மூன்றாம் மாதம் அவர் ஓர் ஆணை பிறப்பித்தார்.

"இதன்மூலம் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்" என்று தொடங்கிய அந்த ஆணை பதினொரு பக்கம். சாரம் இதுதான். கடைக்கொரு அளவு, கம்பெனிக்கொரு நம்பர் என்று இருந்து மக்கள் குழம்பியது போதும். இனி எல்லா உடுப்பிலும் கழுத்துக்குப் பின்னால் தைக்கும் லேபிளில் வயது மட்டுமே இருக்கும். ஒரு வயதுக்கு ஒரே அளவு. குழந்தைகளுக்கு அவர்கள் வயதுக்கு மேற்பட்ட உடுப்பை விற்கக்கூடாது. லேபிளை வெட்டுவதும் மறைப்பதும் குற்றம். பிறப்புச் சான்றிதழ் என்பது வெறும் காகிதம், லேபிளோ நான்கு பக்கமும் நூல் போட்டுத் தைத்தது. ஆகவே ஒருவரின் வயது குறித்து ஐயம் எழுமிடத்து, அவர் அணிந்துள்ள உடுப்பின் லேபிளே இறுதியானது.

வயதுக்கு ஒரு குழந்தை வீதம் அளவெடுக்க வரச்சொல்லி ஊரெல்லாம் கடிதம் போயிற்று. ஒன்பது வயதுக்கு வந்து சேர்ந்தது அதிகாரியின் தங்கை மகள் ஒருத்திதான். டைபாய்டில் கிடந்து எழுந்து நாலு நாள் ஆகியிருந்தது. அளந்தவர் நாடாவை இறுக்கிப் பிடிக்கும் சுபாவம் உள்ளவர். அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் தேசத்தின் ஒன்பது வயது முழுவதும் முடிவாகிவிட்டது.

இதில் ஒரு விஷயத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. லேபிளில் வயது வந்ததும் பெரியவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. பத்துப் பேர் நிற்கிற கடையில் "எனக்கு ஐம்பத்திரண்டுல நல்ல பூப்போட்டதா ஒண்ணு எடுங்க" என்று வாய்விட்டுக் கேட்க எந்த மனுஷிக்கு மனசு வரும்? முதலில் ஒரு டாக்டரம்மா நாற்பது கேட்டார். பின்னாலிருந்தவர் முப்பத்தைந்து என்றார். ஒரு பாங்க் மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு இருபது கேட்டுவிட்டார். குழந்தைகள் ஏறித்தான் போடக்கூடாது, பெரியவர்கள் இறங்கிப் போடுவதைப் பற்றி ஆணையில் ஒரு வரியும் இல்லை. மூன்றே மாதத்தில் ஊரே இறங்கி இறங்கிப் பதினாறில் வந்து நின்றது. அதற்குப் பெயர் ஃபேஷன்.

பதினாறு வயதுச் சட்டைக்குள் ஐம்பது வயது உடம்பை நுழைப்பது லேசான வேலையில்லை. வீட்டுக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் இழுக்க, ஒருவர் அமுக்க. ஊரின் பழக்கவழக்கமே மாறிப்போயிற்று. முழு மூச்சு விட யாராலும் முடியாததால் பேச்செல்லாம் மூன்று மூன்று சொல்லாகச் சுருங்கியது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க யாருக்கும் கை தூக்க வரவில்லை. பிரேக் போட்டால் மொத்தப் பேரும் டிரைவர் பக்கம் போய்ச் சேர்ந்து, மறுபடி நடந்து வந்தார்கள். தும்மல் வந்தவர்கள் கண்ணியமாக ஓரமாய் ஒதுங்கி, பொத்தானைக் கையால் பொத்திக்கொண்டு தும்மினார்கள். நான் சொல்வதில் பாதியை நம்பினால் போதும். மீதி அலுவலகக் கோப்பில் இருக்கிறது.

இப்படி ஊரே சின்னதாகிக்கொண்டிருந்த காலத்தில்தான் நாலாம் வகுப்பில் ஒரு பெண் பெரியதாகிக்கொண்டிருந்தாள்.

அவளை வகுப்பில் எஞ்சின் என்பார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் கயிறு இழுக்கும் போட்டிக்கு ஒத்திகை பார்த்த அன்றிலிருந்து அது பட்டமாகிவிட்டது. அவள் கயிற்றின் கடைசி நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணில் ஊன்றி, பின்னால் சாய்ந்தாளானால், எதிரே எட்டுப் பேரும் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் வரிசையாக வந்து விழுவார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் வருஷா வருஷம் இந்தப் போட்டி உண்டு. ஜெயித்த வகுப்புக்கு வருஷம் முழுக்க மத்தியான வேளையில் மைதானம். தோற்ற வகுப்புக்குச் சைக்கிள் நிறுத்துகிற சந்து. நாலாம் வகுப்பு இதுவரை மைதானத்தைக் கண்டதில்லை. இந்த வருஷம் கண்டுவிடும் என்று அத்தனை பேரும் எஞ்சினை நம்பியிருந்தார்கள். எஞ்சினும் தன்னை நம்பியிருந்தாள். நம்பாதது அவள் கவுன் ஒன்றுதான். இரண்டாம் ஒத்திகையில் அக்குளிலிருந்து இடுப்புவரை தையல் விட்டுப்போயிற்று. ஐந்தாம் வகுப்பு முழுவதும் கைதட்டியது. அவள் பையை முதுகில் மாட்டாமல் பக்கவாட்டில் அணைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அவள் அம்மா பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிறந்த குழந்தைகளை எடை போட்டு, மாறிப்போகாமல் இருக்கக் கையில் பட்டை கட்டி, வேளைக்கு வேளை அந்தப் பட்டையைத் திருப்பிப் பார்த்துச் சரிபார்ப்பது அவள் வேலை. தன் மகளை எடை போட்ட நாளில் தராசு முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்ததாகப் பெருமையாகச் சொல்வாள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கிழிசலைப் பார்த்துவிட்டு, "லோடுக்குத் தகுந்த கயிறு போடணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். போட்டி வெள்ளிக்கிழமை. அன்று திங்கள்.

அம்மாவும் மகளும் உடுப்புக்கடைக்குப் போனார்கள். கடைக்காரர் எஞ்சினை ஏற இறங்கப் பார்த்து, பதிமூன்று சரியாக இருக்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, வயதுச் சான்றிதழைக் கேட்டார். கொடுத்தார்கள். ஒன்பது. ஒன்பதை எடுத்து வந்து போட்டுப் பார்த்தார்கள். தலை வழியாக மூக்கு வரை இறங்கியது. அதற்குக் கீழே இறங்க மறுத்துவிட்டது.

அம்மா பதிமூன்றைக் கேட்டாள். கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு குரலைத் தணித்தார். வயது மீறின உடுப்பை விற்றால் கடைக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்களாம். போன வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு கடை, ஆறு வயசுப் பையனுக்கு ஏழு வயசு ட்ரௌசர் விற்று மாட்டிக்கொண்டதாம். பெல்ட் போட்டுக் கட்டிக்கொள்வான் என்று வாதாடியும் நடக்கவில்லையாம்.

"அப்ப என் பொண்ணு எதைப் போட்டுக்கும்?" என்றாள் அம்மா.

"இன்னும் நாலு வருஷம் பொறுத்துக்கிட்டா நானே தரேன்மா" என்றார் கடைக்காரர். உண்மையான அனுதாபத்தோடுதான் சொன்னார். கண்கூடக் கலங்கியிருந்தது, அது சட்டை இறுக்கத்தாலும் இருக்கலாம்.

மறுநாள் அம்மா லீவு போட்டுவிட்டு மகளோடு நிர்ணய அலுவலகத்துக்குப் போனாள். அலுவலகம் நல்ல விசாலமாக இருந்தது. அலமாரிகளில் கோப்புகள் கூரை வரை அடுக்கியிருந்தன. மேல் இரண்டு தட்டில் தூசி கனமாகப் படிந்திருந்தது. கை தூக்க முடியாத காரணத்தால் அங்கிருந்த விண்ணப்பங்கள் நிலுவையில் இருப்பதாக ஓர் அட்டை மாட்டியிருந்தார்கள்.

நிர்ணய அதிகாரி நின்றுகொண்டே வரவேற்றார். மரியாதைக்காக அல்ல, உட்கார அவருக்கு வசதிப்படாததால். அம்மா விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எஞ்சினைப் பார்த்தார்.

"ஒன்பது வயசுன்னு சொல்றீங்க."

"நானே பெத்தது சார்."

"இருக்கலாம். ஆனா ஒன்பது வயசு உடுப்பு ஒன்பது வயசுப் பிள்ளைக்குப் பொருந்தும்னு நாங்க ஆராய்ச்சி பண்ணி முடிவு பண்ணியிருக்கோம். பொருந்தலைன்னா தப்பு உடுப்புல இல்லை."

"பிள்ளைகிட்டயா சார் தப்பு?"

"தப்புன்னு சொல்ல மாட்டேன். விலகல்னு சொல்லலாம்" என்றார் அதிகாரி, ஆறுதலாக.

விலகலுக்கு விண்ணப்பம் உண்டா என்று அம்மா கேட்டாள். உண்டு, குழந்தையைத் திருத்துவதற்கான அவகாச விண்ணப்பம். ஆறு மாத அவகாசம் கிடைக்கும். அதற்குள் குழந்தை அளவுக்கு வந்துவிட வேண்டும். அளவு குழந்தைக்கு வருவதற்கு விண்ணப்பம் இல்லையா என்று கேட்டதும் அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார். ஒரு பொத்தான் தெறித்து மைப்புட்டியில் விழுந்தது. பேட்டி அத்துடன் முடிவடைந்தது.

படியிறங்கும்போது எஞ்சின் கேட்டாள், "அம்மா, நான் கொஞ்சம் மூச்சைப் புடிச்சுக்கிட்டு இழுத்தா பத்துமா?"

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நேரே தையற்கடைக்கு நடந்தாள்.

தையல்கார அக்கா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவள். சட்டத்துக்குப் பயந்தவள், ஆனால் துணிக்குப் பயப்படாதவள். எஞ்சினை நிற்கவைத்து அளந்தாள். புதுத்துணி வெட்டிக் குழந்தை உடுப்பு தைக்க அவளுக்கு உரிமம் கிடையாது. ரிப்பேர் செய்யலாம். ஒரு குழந்தைக்கு இத்தனை உடுப்புதான் வாங்கலாம் என்று ஆணையில் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றாள் அம்மா. அப்படியானால் ஒன்பது வயதுக் கவுன் இரண்டு வாங்கி வா என்றாள் அக்கா.

அன்று சாயங்காலமே ஒரு கவுனை நெடுக வெட்டி முன்பக்கமாக்கினாள், இன்னொன்றைப் பின்பக்கமாக்கினாள். பக்கவாட்டில் பட்டையாகத் துணி கொடுத்து, அக்குளில் சதுரத் துண்டு வைத்து, இரட்டைத் தையல் ஓட்டினாள். எஞ்சின் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். எதுவும் விடவில்லை. குனிந்தாள், நிமிர்ந்தாள், கடையை ஒரு சுற்று ஓடி வந்தாள். கண்ணாடி முன்னால் நின்று தன்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். உடுப்பு ஒன்று இப்படிக்கூட இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

லேபிளை வெட்டினால் குற்றம் என்பதால் அக்கா இரண்டையும் கழுத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டாள். அங்கேதான் வந்தது வினை.

புதன்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் லேபிள் பார்வையாளர் நின்றிருந்தார். வருகிற பிள்ளைகளின் காலரைத் திருப்பி வயதைக் குறித்துக்கொள்வது அவர் உத்தியோகம். முன்பு கணக்கு வாத்தியாராக இருந்தவர். எஞ்சினின் காலரைத் திருப்பினார். ஒன்பது. பக்கத்தில் இன்னொரு ஒன்பது. ஆணையை எடுத்துப் புரட்டினார். இரண்டு லேபிள் இருந்தால் எதை எடுப்பது என்று அதில் இல்லை. ஒன்றை எடுத்தால் மற்றொன்றை மறைத்த குற்றம் வரும். எதையும் மறைக்காமல் இருக்க ஒரே வழி கூட்டுவதுதான். கூட்டினார். அடிக்கோடிட்டார்.

"பதினெட்டு" என்றார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து சரிபார்த்தார். கூட்டல் சரியாக இருந்தது. பதினெட்டு வயது நிரம்பிய ஒருவரை நாலாம் வகுப்பில் உட்காரவைக்க விதியில்லை, பதிவேட்டில் பெயர் இருப்பதால் மேஜர் ஆனவரை வெளியே அனுப்பவும் வழியில்லை. ஆகவே மறு உத்தரவு வரும்வரை அவளை ஆசிரியர் அறையில் அமர்த்துவது என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து அவளை எல்லோரும் "நீங்க" என்றார்கள்.

ஆசிரியர் அறையில் எஞ்சினுக்குத் தனி நாற்காலி, இரண்டு வேளை டீ. டீச்சர்கள் அவளோடு மிகவும் பிரியமாகப் பழகினார்கள். காரணம், அந்த அறையில் கையைத் தூக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். அலமாரியின் மேல்தட்டில் மாதக்கணக்கில் மாட்டிக்கிடந்த உலக உருண்டை, கெஸ்டுக்கு வைத்திருந்த பிஸ்கட் டப்பா, மூன்று வருஷத்து விடைத்தாள் எல்லாவற்றையும் இறக்கிக் கொடுத்தாள். சுவர்க் கடிகாரத்துக்குப் பாட்டரி மாற்றினாள். ஜன்னலுக்கு வெளியே அவள் வகுப்பு எஞ்சின் இல்லாமல் கயிறு இழுத்துப் பழகிக்கொண்டிருந்தது. பழகப் பழக விழுந்துகொண்டிருந்தது. அவள் டீயைக் குடிக்காமல் ஆறவிட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு டீச்சர் "அழாதீங்க" என்று சொல்லி ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

வியாழக்கிழமை அம்மா மறுபடியும் நிர்ணய அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி கோப்பைப் பார்த்துவிட்டு, மனுதாரர் மேஜர் என்பதால் அவருக்காக அம்மா மனுக்கொடுக்க முடியாது, அவரே நேரில் வரவேண்டும் என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளை அம்மா உள்ளே கூட்டிவந்தாள். அதிகாரி வணக்கம் சொல்லி, தங்கள் மனு என்ன என்று கேட்டார். நான் ஒன்பது வயசுதான், என்னை என் வகுப்பில் சேர்த்துவிடுங்கள் என்றாள் எஞ்சின். அதிகாரி பேனாவை மூடினார். ஒன்பது வயசுப் பிள்ளையின் மனுவை ஏற்க விதியில்லையாம்.

வெள்ளிக்கிழமை வந்தது. மைதானத்தில் கோடு போட்டு, பந்தல் போட்டு, நாற்காலி போட்டிருந்தார்கள். நாற்காலிகள் காலியாக இருந்தன. வந்த பெற்றோர்களும் பிரமுகர்களும், லீவு போட்டு வந்த எஞ்சினின் அப்பாவும் ஓரமாக நின்றுகொண்டார்கள், உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். சிறப்பு விருந்தினர் நிர்ணய அதிகாரி. அவருக்குப் போட்ட மாலையைக் கழுத்து வரை உயர்த்த முடியாமல் ஹெட்மிஸ்ட்ரஸ் கையிலேயே கொடுத்தார். அவரும் கையிலேயே வாங்கிக்கொண்டார்.

ஐந்தாம் வகுப்பு கயிற்றின் ஒரு பக்கம் நின்றது. மறுபக்கம் நாலாம் வகுப்பில் ஏழு பேர் நின்றார்கள். எட்டாவது இடத்தில் கயிறு தரையில் கிடந்தது. அந்த இடத்துக்கு வேறு யாரையும் அனுப்ப அந்த ஏழு பேரும் சம்மதிக்கவில்லை.

எஞ்சின் ஆசிரியர்கள் வரிசையிலிருந்து மெல்ல நடந்து வந்து கயிற்றைத் தொட்டாள். ஐந்தாம் வகுப்பு டீச்சர் உடனே ஆட்சேபித்தார். பதினெட்டு வயதுப் பெண் பத்து வயதுப் பிள்ளைகளோடு மோதுவதா என்று கேட்டார். ஹெட்மிஸ்ட்ரஸ் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி, லேபிளே இறுதியானது என்ற தம் வாக்கியத்தை மனப்பாடமாக எடுத்துச் சொன்னார்.

அப்போதுதான் அம்மா முன்னால் வந்தாள். ஒரு நாளைக்கு நாற்பது குழந்தையின் கைப்பட்டையைத் திருப்பிப் பார்க்கிற கை அது, கேட்டுக்கொண்டெல்லாம் திருப்பிப் பழக்கமில்லை. அதிகாரிக்குப் பின்னால் போய், அவர் காலரைத் திருப்பி, வார்டில் படிப்பதுபோல் உரக்கப் படித்தாள்.

"பதினாறு."

பக்கத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ். "பதினைஞ்சு." லேபிள் பார்வையாளர் நகரப் பார்த்தார். அந்தச் சட்டையோடு வேகமாக நகர முடியவில்லை. "பதினாலு." ஐந்தாம் வகுப்பு டீச்சர் பதினாறு. அப்படியே பெற்றோர் வரிசைக்குப் போனாள். பதினாறு, பதினாறு, பதினைந்து, பதினாறு. வரிசை முடிந்தது. கடைசியில் தன் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனாள். கை எட்டவில்லை. எஞ்சின்தான் வந்து திருப்பிப் பார்த்தாள்.

"பதினாறும்மா" என்றாள் மெதுவாக.

"சரி, சத்தமாச் சொல்லாதே" என்றாள் அம்மா.

கூடியிருந்த அத்தனை பேரும் மைனர்கள் என்பது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் விளங்கிற்று. ஹெட்மிஸ்ட்ரஸ் மட்டும் கொஞ்சம் வெட்கப்பட்டாற்போல் தோன்றியது, அதில் சந்தோஷமும் கலந்திருந்தது. மைனர் ஒருவர் சொல்கிற உத்தரவு செல்லுமா என்று அம்மா அதிகாரியைக் கேட்டாள். அவர் வெகுநேரம் வானத்தைப் பார்த்தார். முன்பே சொன்னேன், நேர்மையானவர். செல்லாது என்றார். இந்தக் கூட்டத்தில் உத்தரவிடத் தகுதியுள்ள மேஜர் ஒருவர்தான் இருக்கிறார் என்றும் ஒப்புக்கொண்டார். கையிலிருந்த மாலையை எஞ்சினிடம் நீட்டினார். எஞ்சின் கைகளை உயர்த்தித் தானே கழுத்தில் போட்டுக்கொண்டாள். கூட்டம் பொறாமையோடு பார்த்தது.

"நான் என்ன சொன்னாலும் செய்வீங்களா?" என்று கேட்டாள்.

"விதிப்படி" என்றார் அதிகாரி.

"அப்ப நான் கயிறு இழுக்கணும்."

அதுதான் முடியாதே என்று அதிகாரி வருத்தத்தோடு சொன்னார். மேஜர் ஒருவர் சிறுவர் போட்டியில் பங்கெடுக்க விதியில்லை.

எஞ்சின் யோசித்தாள். இரண்டு நாள் ஆசிரியர் அறையில் இருந்தவள், அங்கே பேசுகிற பேச்சு அவளுக்கும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. சின்னப் பிள்ளைகள் கயிறு, கத்தி, தண்ணி பக்கம் போனால் கூடவே ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அதுதானே விதி என்று கேட்டாள். ஆமாம் என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ், அவரே எழுதி மாட்டியது. அப்படியானால் நான் போட்டிக்கு வரவில்லை, பாதுகாப்புக்காகக் கயிற்றின் கடைசியில் கைவைத்துக்கொண்டு நிற்கிறேன் என்றாள் எஞ்சின். அதிகாரி ஆட்சேபணை இல்லை என்றார். உடனே ஐந்தாம் வகுப்பு டீச்சர், அவள் அந்தப் பக்கம் நிற்பதானால் எங்கள் பக்கம் பலம் குறைகிறதே என்று முனகினார்.

"அதுக்கென்ன, சின்னப் பிள்ளைங்க நீங்க இத்தனை பேர் இருக்கீங்களே. எல்லாரும் போய் அந்தப் பக்கம் புடிங்க" என்றாள் எஞ்சின்.

உத்தரவு உத்தரவுதான். நிர்ணய அதிகாரி, ஹெட்மிஸ்ட்ரஸ், பார்வையாளர், டீச்சர்கள், பெற்றோர், மொத்தம் முப்பத்தெட்டு பேர் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னால் வரிசையாகப் போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். இந்தப் பக்கம் ஏழு பிள்ளைகள், கடைசியில் எஞ்சின், பாதுகாப்புக்காக. மாலையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கயிற்றை இடுப்பில் சுற்றி, குதிகாலை ஊன்றினாள். விசில் அடிக்க வேண்டியவரும் அந்தப் பக்கக் கயிற்றில் இருந்ததால் அவளே ஒன்று, இரண்டு, மூன்று சொன்னாள்.

முப்பத்தெட்டு பேரும் இழுப்பதற்காக ஒரே சமயத்தில் மூச்சை உள்ளே வாங்கினார்கள்.

அதுதான் அவர்கள் செய்த பிழை. முதலில் அதிகாரியின் முதுகு விட்டது. அது பக்கத்திலிருந்தவருக்குத் தொற்றி, அங்கிருந்து வரிசை நெடுகப் போயிற்று. முறுக்கிய துணியை ஊரே சேர்ந்து கிழித்ததுபோல் ஒரு சத்தம். பொத்தான்கள் பந்தல் கூரையில் மழைபோல் விழுந்தன. கிழிந்ததும் மனிதர் என்ன செய்வார்? கயிற்றை விட்டுவிட்டு உடுப்பைப் பிடிப்பார். முப்பத்தெட்டு பேரும் அதையே செய்தார்கள். எஞ்சின் பின்னால் சாய்ந்தாள். ஐந்தாம் வகுப்பு கோட்டைத் தாண்டி வந்து அவள் காலடியில் குவிந்தது. அவள் அக்குளில் வைத்த சதுரத் துண்டில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

நாலாம் வகுப்பு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்து, தூக்க முடியாமல், சுற்றி நின்று குதித்தது.

பெரியவர்கள் புல்தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பல மாதத்துக்குப் பிறகு உட்கார்ந்தார்கள். அவரவர் வயிறு அவரவர் மடியில் இருந்தது. யாரோ ஒருவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். அடுத்தவர் விட்டார். கொஞ்ச நேரத்துக்கு மைதானத்தில் மூச்சு விடுகிற சத்தம் தவிர வேறில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் இரண்டு கையையும் மேலே தூக்கிப் பார்த்தார், மறுபடி தூக்கிப் பார்த்தார். நிர்ணய அதிகாரி மல்லாந்து படுத்து, "காத்து நல்லாத்தான் இருக்கு" என்றார். அதுதான் அவர் எந்த விதியையும் மேற்கோள் காட்டாமல் பேசிய முதல் வாக்கியம் என்கிறார்கள். அம்மாவும் அப்பாவும் சிரித்த சிரிப்பில் அப்பாவின் மிச்சத் தையலும் போயிற்று.

நாலாம் வகுப்புக்கு மைதானம் கிடைத்தது. எஞ்சினுக்குத் தன் வகுப்பு கிடைத்தது. உத்தரவு போடும் தகுதியுள்ளவள் அவள்தானே, தன்னைத்தானே நாலாம் வகுப்புக்கு மாற்றி அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இத்தோடு ஊருக்குப் புத்தி வந்து, எல்லோரும் அவரவர் உடம்புக்கு ஏற்ற உடுப்பு வாங்கப் போனார்கள் என்று முடிக்க எனக்கும் ஆசைதான்.

திங்கட்கிழமை காலை உடுப்புக்கடை திறக்கும் முன்பே வாசலில் வரிசை நின்றது. போர்வையும் துண்டும் போர்த்திக்கொண்டு பெரிய மனிதர்கள் எல்லோரும் நின்றார்கள். வெள்ளிக்கிழமை நடந்ததை அவர்கள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து தீர யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். பதினாறு இப்படிக் கிழிகிறதென்றால் அது வயதான உடுப்பு என்றுதான் அர்த்தம். வலுவாக வேண்டுமானால் இன்னும் இளசாக வாங்க வேண்டும். நிர்ணய அதிகாரியே வரிசையின் தலைப்பில் நின்று பதினாலு கேட்டார். பின்னால் நின்றவர் பதிமூன்று கேட்டார்.

கடைக்காரர் கைகூப்பி ஒரு சிக்கலைச் சொன்னார். எல்லோரும் மைனர்கள் என்பது மைதானத்தில் ஊரறிய நிரூபணமாகிவிட்டது. மைனர்கள் உடுப்பு வாங்குவதானால் மேஜர் ஒருவர் கூட வந்து பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். ஊரில் மேஜர் ஒருவர்தான். ஆள் அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் எஞ்சின் பையோடு வந்தாள். வாசலில் ஒரு மேஜை போட்டு அவளை உட்காரவைத்து, பேனாவைக் கையில் கொடுத்தார்கள். அவள் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்து, "இது உங்களுக்குப் பத்தாதுங்க" என்று சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் பணிவாகத் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவளுக்கு எழுத்துகளைச் சேர்த்து வேகமாக எழுத இன்னும் வராது. ஒவ்வோர் எழுத்தாக, நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதுகிறாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஐந்தாவதாக அவள் அம்மா வந்து நின்றாள். எஞ்சின் பேனாவை வைத்துவிட்டு அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில எல்லாரும் பதினாலுதான் போடறாங்கடி. நான் மட்டும் எப்படி?" என்றாள் அம்மா.

எஞ்சின் மறுபடி பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். மேஜையில் தாள் தீர்ந்துபோய், உள்ளேயிருந்து இன்னொரு கட்டு எடுத்து வரப் போயிருக்கிறார்கள். வரிசை தெருமுனை திரும்பிப் போகிறது. எனக்கு முன்னால் இன்னும் பதினோரு பேர்.